ஏழாம் பெட்டியில் தூங்குகிறவர்கள்

கம்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அல்மாத்தியிலிருந்து மங்கிஸ்தாவ் போகிற ரயிலில் ஏழாம் பெட்டி அவளுடையது. அவளுடையது என்றால், அவளும் ஸாவுரேஷும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற பெட்டி. பன்னிரண்டு மணி நேரம் இவள், பன்னிரண்டு மணி நேரம் அவள். மொத்தம் ஐம்பத்து நான்கு படுக்கை. நடுவில் கதவும் கிடையாது, திரையும் கிடையாது. யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், யார் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள், எல்லாம் பட்டவர்த்தனம். நாள்கணக்கில் ஓடுகிற வண்டியில் மனுஷர்கள் முதல் அரை நாள்தான் மரியாதையாக இருப்பார்கள். அப்புறம் செருப்பு, சட்டைப் பொத்தான், கூச்சம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

இருபத்து நாலு வருஷமாக அவளுக்கு இதே வேலை. கொதிகலனுக்குக் கரி போட வேண்டும், படுக்கை விரிப்பு கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டும், கழிவறை கழுவ வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும். இறங்க வேண்டியவர்களை அரை மணி முன்னால் தட்டி எழுப்பவும் வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கம்காவுக்கு எமன். ஊரையே எழுப்ப வேண்டியவளால் தன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் என்ன செய்வது?

இது ரயிலில் ஏறி வந்த வியாதி அல்ல, கல்யாணமான வீட்டிலேயே தொடங்கியது. அங்கே மருமகள்தான் தேநீர் ஊற்ற வேண்டும். விருந்தாளி போதும் என்று கிண்ணத்தின்மேல் கையை வைக்கிற வரைக்கும், மூன்று மணி நேரமானாலும், அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருப்பதும் அவள்தான். இருபத்திரண்டு வயது கம்கா, கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவாள். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க மாமனாரின் முழங்காலிலேயே ஊற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே கிடையாது, தூங்குமூஞ்சிதான், சோம்பேறிதான். ராத்திரியானால் குறட்டை. அதுவும் கொஞ்ச நஞ்சக் குறட்டையா! புருஷன் முதலில் சாமான் அறைக்குப் போய்ப் படுத்தான். அப்புறம் வேலை என்று அத்திராவ் போனான். அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். கம்கா கைக்குழந்தையோடு வெளியே வந்து ரயில் வேலையில் சேர்ந்தாள், தனியாளாகவே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். அதற்கெல்லாம் ஒருத்தரும் ஒரு சபாஷ் சொல்லவில்லை.

வேலை நேரத்தில் தூக்கத்தோடு அவள் போட்ட மல்லுக்கட்டு இருக்கிறதே, அப்பப்பா! கல் மாதிரி காய்ந்த உப்புத் தயிர்க்கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போயிருக்கும். உறைபனியில் கதவைத் திறந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அப்படியும் ஒரு ஜனவரியில் கண் செருகிவிட்டது. அரால் ஊரில் இறங்க வேண்டிய ஒரு அம்மாள் அடுத்த நிலையத்தில் இரண்டு மூட்டையோடு பனியில் இறங்கினாள். அவளை அழைக்க வந்தவர்கள் அங்கே, அவள் இங்கே. கம்காவுக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பேசாமல் இறங்கிப் போனதுதான் வருஷக்கணக்கில் உறுத்தியது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ஸாவுரேஷ். இவளைவிட ஆறு வயது சின்னவள், வாய் மட்டும் அறுபது வயது. வேலை முடிந்து கம்கா படுத்திருந்த ஒரு காலையில், எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவளை உலுக்கினாள்.

"அக்கா! ஏய் அக்கா! நீ தூங்கலை, செத்துச் செத்துப் பொழைக்கறே."

"குறட்டைதானேடி. புதுசாக் கேக்குற மாதிரி..."

"குறட்டைன்னா சத்தம் வரும். உனக்குச் சத்தம் நிக்குது. அதுதான் எனக்குப் பயம். மரியாதையா டாக்டர்கிட்ட போ. இல்லைன்னா நான் வேற பெட்டி கேட்டு வாங்கிட்டுப் போயிடுவேன். பொணத்துக்குக் காவல் இருக்க என்னால ஆகாது."

அல்மாத்தியில் தூக்க வைத்தியர் ஒருவர் இருந்தார். உடம்பெல்லாம் கம்பி ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார். மணிக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறது என்று காகிதத்தில் வந்தது. தொண்டை இடுங்கியது, தாடை சிறியது, படுத்தால் வழி அடைத்துக்கொள்கிறது, குண்டாக இருக்கிறவர்களுக்குத்தான் வரும் என்றில்லை என்று அவர் விளக்கினார். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய்க்கு முடிவில் காற்றடிக்கிற சின்னப் பெட்டி. முதல் நான்கு ராத்திரி அதைப் பிடுங்கி எறிந்தாள். அவர் விடவில்லை, வரவழைத்து அளவு மாற்றிக் கொடுத்தார், பட்டையைத் தளர்த்திக் காட்டினார், தினமும் போன் போட்டுக் கேட்டார். அந்தப் போன் வராமல் இருந்தால் பெட்டி பரணுக்குத்தான் போயிருக்கும். ஐந்தாம் நாள் காலையில் கம்கா எழுந்து உட்கார்ந்தபோது தலை லேசாக இருந்தது. எங்கேயோ வலி நின்றுவிட்டது போல இருந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. இதுதான் தூக்கமா, மற்றவர்களெல்லாம் தினமும் இப்படியா எழுந்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

ரயில் டிப்போவில் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வருஷா வருஷம் மருத்துவக் குழுவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எடை, கண், ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும்? தூக்கத்தில் மூச்சு நிற்கிறவளை நம்பி ஐம்பத்து நாலு பேரை விடுவார்களா? வேலை போய்விடும். இந்த வயதில் வேறு எந்த வேலை காத்துக்கொண்டிருக்கிறது? ஆகவே அந்தக் காற்றுப் பெட்டி கம்பளி மூட்டைக்குள் ஒளிந்திருக்கும். கம்கா முகமூடியோடு தூங்குகிற நேரத்தில் ரயில் தலைவர் பெக்துர்கான் சுற்றி வந்தால், ஸாவுரேஷ் வாசலிலேயே மறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

தன் தூக்கம் சரியான பிறகுதான் மற்றவர்களுடைய தூக்கம் அவள் காதில் விழ ஆரம்பித்தது. பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் துடைப்பத்தோடு நடந்தால் போதும். குறட்டையில் சீரான குறட்டை ஒன்று, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று ஏறிக்கொண்டே போய், படக்கென்று அறுந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல், அப்புறம் தண்ணீரில் முங்கினவன் தலையைத் தூக்குவது மாதிரி ஒரு திணறல். அதைக் கேட்டால் கம்காவின் கால் நின்றுவிடும். வைத்தியர்கள் ஒவ்வொருத்தராகக் கம்பி ஒட்டிப் பார்க்க வேண்டும். இவளுக்கோ பயணத்துக்குப் பயணம் ஐம்பத்து நாலு பேர் கண்முன்னால் தூங்குகிறார்கள்.

சொல்லாமல் இருக்க முடியுமா? காலைத் தேநீரோடு சொல்லுவாள். ஆம்பிளையிடம் நேரே சொன்னால் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பான், அவன் குறட்டை அவனுக்குப் பெருமை. பொம்பிளையிடம் சொன்னால் வெட்கத்தில் சண்டைக்கு வருவாள். ஒருத்தி, "காலங்காத்தாலே சாபம் குடுக்கறியா?" என்று தேநீரையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் கம்கா ஒரு சித்தி மகளைப் பிறப்பித்தாள். "என் சித்தி மகளுக்கும் இதே மாதிரிதாங்க இருந்துச்சு" என்று ஆரம்பித்தால் கேட்கிறார்கள். மூன்று வருஷத்தில் அந்தச் சித்தி மகளுக்கு குல்பான் என்று பெயர் வந்தது, ஷிம்கெந்தில் வீடு வந்தது, இரண்டு பிள்ளைகள் வந்தன. அடிக்கடி வருகிற பயணிகள், "குல்பான் எப்படி இருக்கா?" என்றே விசாரிப்பார்கள். வைத்தியரின் போன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

போன ஆகஸ்டில், கிஸில்ஓர்தாவில் தோஸ்போல் ஏறினான். கூட அவன் மனைவி நூரிலா. அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு பெய்னெவுக்குத் திரும்புகிறார்கள். அவன் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எண்ணெய்க் கிணற்று வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பொட்டல்வெளியில் நூற்றைம்பது கிலோமீட்டர் போகிற பஸ்ஸுக்கு அவன் டிரைவர். ஏறின அரை மணி நேரத்தில் பக்கத்திலிருந்த அத்தனை பேரும் அவனுக்குச் சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டுக் குதிரைக்கறித் தொத்திறைச்சியை வட்ட வட்டமாக நறுக்கி எல்லோருக்கும் நீட்டினான். நாளைக் காலையில் இறங்கிக் குளித்துவிட்டுப் பத்து மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்று சொன்னான்.

அரால் நிலையத்தில் எல்லோரும் புகைபோட்ட மீன் வாங்கித் தின்றார்கள். வெயிலுக்கும் வயிற்றுக்கும் சேர்த்து பெட்டியே கண்ணயர்ந்தது. கம்கா பெருக்கிக்கொண்டு வந்தாள். தோஸ்போல் கீழ்ப் படுக்கையில் மல்லாந்து கிடந்தான். குறட்டை ஏறிக்கொண்டிருந்தது. தலையணைக்கு அடியில் கத்தியின் கைப்பிடி துருத்திக்கொண்டு நின்றது. நூரிலா மட்டும் தூங்காமல் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? தலைமாட்டுல கத்தி வெச்சுக்கிட்டுத் தூங்குறதுக்கு இது என்ன காடா?"

"சத்தம் போடாதீங்க அக்கா. இது ஆளுக்கு இல்ல. அல்பாஸ்திக்கு."

அந்தப் பக்கத்தில் அல்பாஸ்தியைத் தெரியாதவர்கள் இல்லை. தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்குகிற பேய், இரும்பைக் கண்டால் ஓடிவிடும் என்பார்கள். நூரிலா சொல்லிக்கொண்டே போனாள். "பதினோரு வருஷமா இவரை விடவே மாட்டேங்குது. ஓதிப் பாத்தாச்சு, தாயத்துக் கட்டியாச்சு. கத்தி வெக்காம ஒருநாள்கூடப் படுக்க விட்டதில்ல."

"கத்தியப் பாத்து ஓடுதா?"

"எங்க ஓடுது? நான் உதைச்சாத்தான் எறங்குது."

"ஒரு ராத்திரிக்கு எத்தனை உதை?"

"எண்ணுனதில்லையே அக்கா. நான் தூங்கிட்டா யாரு உதைக்கறது?" என்றாள் நூரிலா. சொல்லும்போதே அவள் காலின் பெருவிரல் புருஷனின் பாதத்தை அமுக்கியது. அவன் புரண்டான், மூச்சு வந்தது. அது அவள் தெரிந்து செய்ததில்லை, வழக்கம் அப்படி. கம்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஒரு வியாதியில் இரண்டு பேரின் தூக்கம் போகிறது, இரண்டாவது ஆளைப் பற்றி எந்தக் காகிதத்திலும் எழுதமாட்டார்கள்.

"காலை எடு, நூரிலா. இந்த ஒரு தடவை மட்டும் உதைக்காதே. நான் பக்கத்துலயே நிக்கறேன், எண்ணிப் பாப்போம்."

எதிர்ப் பக்கத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியாரம்மா இருந்தார். கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தார் போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். குறட்டை ஏறியது, அறுந்தது. வாத்தியாரம்மா மெல்ல வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். பத்து வந்தபோது மேல் படுக்கையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இருபதில் பக்கத்து அடைப்பிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். யாரும் மீனை மெல்லக்கூட இல்லை. தோஸ்போலின் வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது, காற்று உள்ளே போகவில்லை. முப்பது. நூரிலா தலைத்துணியைக் கடித்துக்கொண்டாள். தோஸ்போலின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கம்கா உலுக்கக் கையை நீட்டிவிட்டாள். அதற்குள் கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு அவன் திணறி, கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பத்து முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான்.

"நீதான்" என்றாள் நூரிலா. இதுவரை நீங்க நீங்க என்று பேசினவள். "முப்பத்தெட்டு எண்ணுற வரைக்கும் நீ இல்ல."

தோஸ்போல் சிரித்தான். அப்புறம் யாரும் சிரிக்காததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். கம்கா தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். இது பேய் இல்லை, வியாதி, பெயர் ஏப்னியா, வைத்தியம் இருக்கிறது. அதைக் கேட்டதும் அவனுக்கு வந்ததே கோபம்!

"நான் தூங்குறதை வேடிக்கை பாக்க டிக்கெட் குடுத்தீங்களா அக்கா? விரிப்பு, தேநீர், அதோட உங்க வேலை முடிஞ்சுது. என் அப்பனும் இப்படித்தான் குறட்டை விட்டாரு. ஆம்பிளைன்னா விடுவான்."

"உங்கப்பா எத்தனை வயசுல போனாரு?"

"அம்பது... அது நெஞ்சு வலி."

"தூக்கத்துலயா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குரலை இறக்கிச் சொன்னான். "டாக்டர்கிட்ட போனா எழுதிடுவான். எழுதினா ஸ்டியரிங் போயிடும். மூணு பிள்ளைங்க இருக்கு. நான் நல்லாத்தான் ஓட்டறேன்."

"நல்லாத்தான் ஓட்டறியா?" என்று நூரிலா வெடித்தாள். "ஏப்ரல்ல வண்டி ரோட்டை விட்டு எறங்கிப் பொட்டல்ல அரைக் கிலோமீட்டர் ஓடுச்சே? நாப்பத்து மூணு பேரு வண்டிக்குள்ள. ஒட்டகம் குறுக்க வந்துச்சுன்னு எல்லாருகிட்டயும் சொன்னியே. மறுநாள் நான் அந்த எடத்துக்குப் போய்ப் பாத்தேன். ஒரு காலடித் தடம் இல்ல, சாணி இல்ல. பள்ளமா இருந்திருந்தா நாப்பத்து மூணு வீட்டுல எழவு. உன்கிட்ட கேக்கப் பயந்துட்டுத் தினமும் கத்தியைச் சாணை பிடிச்சிட்டு இருக்கேன் நான்!"

தோஸ்போலின் காது சிவந்தது. மாட்டிக்கொண்ட ஆம்பிளை யார்மேலாவது பாய வேண்டுமே, கம்காவின்மேல் பாய்ந்தான்.

"வைத்தியம் இருக்குன்னு சொல்றீங்களே, யாரு கண்டா? மூஞ்சில குழாயை மாட்டிக்கிட்டுக் கெடக்கணுமாம். அது சாகக் கெடக்கறவங்களுக்குப் போடறது. அதைப் போட்டவன் எவனாச்சும் வேலை பாக்கறானா? காட்டுங்க பாப்போம்."

"என் சித்தி மகளுக்கு..."

"சித்தி மக! என் தங்கச்சி ரெண்டு வருஷம் முன்னால இந்த வண்டிலதான் வந்தா, அவகிட்டயும் இந்தச் சித்தி மக கதையைத்தான் சொன்னீங்களாம். அந்த மகராசியக் கூட்டிட்டு வாங்க. என் முன்னால நிறுத்துங்க. அப்புறம் நான் நம்பறேன்."

நாலு பேர் சிரித்தார்கள். குல்பானைப் பற்றி இன்னும் பத்துப் பொய் சொல்லக் கம்காவால் முடியும். ஆனால் நாளைக்குப் பத்து மணிக்கு இவன் ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறான், பின்னால் நாற்பது பேர் நம்பி உட்காரப்போகிறார்கள். அப்போதுதான் கவனித்தாள், கூட்டத்துக்குப் பின்னால் ரயில் தலைவர் பெக்துர்கான் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். ஸாவுரேஷ் அவருக்குப் பின்னாலிருந்து தலையைத் தலையை ஆட்டினாள். வேண்டாம், அக்கா, வேண்டாம்.

இருபத்து நாலு வருஷ வேலை. கம்கா தன் அறைக்குப் போனாள். கம்பளி மூட்டையைப் பிரித்தாள். காற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தோஸ்போலுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த பிளக்கில் சொருகி, முகமூடியை மூக்கில் வைத்துப் பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"சித்தி மகன்னு யாரும் கிடையாது தம்பி" என்றாள். குரல் மூக்கடைத்த மாதிரி வந்தது. "நான்தான் அது."

மேல் படுக்கைக்காரர், "ஐயோ, யானை!" என்றார். வாத்தியாரம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தோஸ்போல் குனிந்து பார்த்தான். குழாயைத் தொட்டான். கம்கா முகமூடியைக் கழற்றி அதன் காற்றை அவன் உள்ளங்கையில் பிடித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய கை, காற்று பட்டதும் தானாக விரிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மூச்சுக்குழாயை மூட விடாது. என் அளவு உனக்கு ஆகாது, டாக்டர் பாத்து வெச்சுக் குடுப்பாரு. மூணு வருஷமா இதை மாட்டிக்கிட்டுத்தான் தூங்கறேன். எந்திரிச்சு வேலை பாக்கறேன். இதுக்கு முன்னாலதான் பாக்கலை."

தோஸ்போல் அந்தக் குழாயை விரலில் சுற்றிப் பார்த்தான். "இது இருக்குன்னு தெரிஞ்சும் உங்களை வேலையில வெச்சிருக்காங்களா?" என்றான்.

கம்கா நிமிர்ந்து கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

"அது இனிமேதான் தெரியும்" என்றாள்.

பெக்துர்கான் கெட்டவர் அல்ல. தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தேநீரும் கொடுத்தார். "மூணு வருஷமா என் மூக்குக்குக் கீழயே வெச்சிருந்திருக்கே" என்றார். "நான் ஒருத்தன் பாத்திருந்தா, பாக்கலைன்னு போயிருப்பேன் கம்கா. பெட்டியே பாத்துடுச்சு. நாளைக்கு எவனாச்சும் ஒரு ஸ்டேஷனைத் தவறவிட்டான்னா, தெரிஞ்சே விட்டேன்னு என்மேல வரும்."

"எழுதுங்க, தலைவரே. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இந்த மெஷின் இல்லாம தூங்கி வழிஞ்ச இருபத்தொரு வருஷமும் மருத்துவக் குழு முன்னால நான் எல்லாத்துலயும் பாஸ். அதையும் சேத்து எழுதுங்க."

அவர் எழுதினார். அதைச் சேர்த்து எழுதினாரா என்று அவள் பார்க்கவில்லை. மருத்துவக் குழு சொல்கிற வரைக்கும் அவள் ஏழாம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. பாக்கித் தூரத்துக்கு ஆறாம் பெட்டியிலிருந்து ஓர் ஆள் வந்தது. ஸாவுரேஷ் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை, கொதிகலனோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெய்னெவில் தோஸ்போல் மூட்டைகளை இறக்கிவிட்டு, படியிலேயே நின்றான்.

"அக்கா, ஒட்டகம் இல்ல."

"தெரியும் தம்பி."

"கம்பெனில சொல்லிடறேன். இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன்." ஒரு படி இறங்கித் திரும்பினான். "உங்க வேலை?"

"போகக்கூடாதுன்னு வேண்டிக்கோ."

நூரிலா அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் கம்கா அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

ஏழு வாரம் கம்கா வீட்டில் இருந்தாள். அல்மாத்தியில் ஒரு அறை, ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எது என்று சொல்லிவிடுவாள். நூரிலா போன் செய்தாள். தோஸ்போலை ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றப் போட்டிருக்கிறார்கள். அத்திராவ் ஆஸ்பத்திரியில் கம்பி ஒட்டிப் பார்த்ததில் மணிக்கு ஐம்பத்தெட்டு. முகமூடி வந்துவிட்டது, அதை மாட்டிக்கொண்டு உலகத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டுகிறான், ஆனால் மாட்டிக்கொள்கிறான். முகமூடி கழன்றால் என்ன செய்வது, மூக்கு வறண்டால் என்ன செய்வது என்று இவளிடம்தான் கேட்டான். கம்காவும் தன் வைத்தியர் தன்னைக் கேட்ட மாதிரியே, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தானே கூப்பிட்டுக் கேட்டாள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டால் திரும்ப வண்டி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "நான் ஒம்பது மணி நேரம் தூங்கினேன் அக்கா" என்றாள் நூரிலா. "எந்திரிச்சப்போ கால் விரல் வலிக்கலை."

எட்டாவது வாரம் மருத்துவக் குழு கூப்பிட்டது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. காற்றுப் பெட்டியையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதன் பக்கவாட்டிலிருந்து நகம் அளவு தகடு ஒன்றை உருவிக் கணினியில் போட்டார்கள். அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே கம்காவுக்கு மறந்து போயிருந்தது. மூன்று வருஷத் தூக்கம் முழுவதும் அதில் எழுதியிருக்கிறது என்று கேட்டதும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். என்னென்ன அகப்படப்போகிறதோ!

டாக்டரம்மா கோடு கோடாக ஓடினதைப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "சில நாள்ல நாப்பது நிமிஷம் மெஷின் நின்னு போயிருக்கே. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே நேரம். கழட்டிட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ஷால்கர்ல எஞ்சின் மாத்துவாங்க. கரண்ட் இருக்காது. நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

ஐந்து பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா மேலும் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மறைச்சது தப்பு. முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்றவங்களைப் பயமுறுத்துற மாதிரி நாங்க உக்காந்திருக்கறதும் தப்புதான், அதையும் நான் எழுதறேன். வேலைக்குப் போலாம். வருஷத்துக்கு ஒருதடவை இந்தத் தகட்டைக் கொண்டு வந்து காட்டுங்க." அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லுகிற மாதிரி சொன்னார், "இந்த டிப்போவுல எத்தனை பேரு இருக்காங்க? அத்தனை பேர்லயும், நல்லாத் தூங்கிட்டு வேலைக்கு வர்றாங்கன்னு அத்தாட்சி இருக்கறது இந்தம்மா ஒருத்தருக்குத்தான்."

கம்கா நன்றி சொல்லத்தான் எழுந்தாள். அழுகை வந்தது. கைக்குட்டையை எடுப்பதற்குள் வந்துவிட்டது, ஐந்து டாக்டர்களுக்கு முன்னால் நின்று ஒரு சின்னப் பெண்போலத் தேம்பித் தேம்பி அழுதாள்.

டாக்டரம்மா தண்ணீர்க் கிளாஸை நகர்த்தினார். "ஏம்மா, வேலைதான் திரும்பக் கிடைச்சிருச்சே. இன்னும் எதுக்கு அழறீங்க?"

"அதுக்கு இல்ல டாக்டர்" என்றாள் கம்கா. "இருபத்தாறு வருஷம் எல்லாரும் என்னைச் சோம்பேறின்னாங்க. நானும் நம்பிட்டேன்."